அசிட்ரோம் போடுறேன், ஜூஸ் குடிக்கலாமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துக்கடைக் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிற வேலை எனக்கு. எதிரே இருதய ஆஸ்பத்திரி இருப்பதால், கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஐ.என்.ஆர். நோட்டு இருக்கும். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டுகிற டெஸ்ட் எண்தான் ஐ.என்.ஆர். எண் ஏறினால் ரத்தம் உறையத் தாமதமாகும், இறங்கினால் சீக்கிரம் உறையும். அசிட்ரோம் மாதிரி ரத்தம் உறைவதைத் தடுக்கிற மாத்திரையை எடுத்துப் பையில் போட்டுக் காசு வாங்கிய பிறகு, கிளம்புகிற நேரத்தில்தான் கேட்பார்கள்: "தம்பி, பழ ஜூஸ் எதுவும் குடிக்கக் கூடாதாமே, நிஜமா?" வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டுவார்கள். அதில் மாதுளை முதல் மாம்பழம் வரை எல்லாமே விஷம் என்று இருக்கும். அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். மாத்திரை அளவைக் கூட்டவோ குறைக்கவோ இதில் எதுவும் சொல்லவில்லை. அது உங்கள் மருத்துவர் வேலை.

முதலில், நான் போடுவது எந்த வகை மாத்திரை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து.

அசினோகூமரால் என்றோ வார்ஃபரின் என்றோ இருந்தால், நீங்கள் ஐ.என்.ஆர். பார்க்கிற கூட்டம். அசிட்ரோம், வார்ஃப் எல்லாம் இதில் வரும். இதய வால்வு மாற்றியவர்கள் பெரும்பாலும் இதைத்தான் போடுகிறார்கள்.

அபிக்சபான், ரிவராக்சபான், டாபிகாட்ரான் என்றிருந்தால் அது புதிய வகை. இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்கள், காலில் ரத்தம் கட்டியவர்கள் பலருக்கு இப்போது இதைத்தான் எழுதுகிறார்கள்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், டிகாக்ரெலர் என்றிருந்தால் அது தட்டணுக்களை, அதாவது பிளேட்லெட்டுகளை, ஒன்றோடொன்று ஒட்டாமல் வைப்பது. ஸ்டென்ட், அதாவது அடைத்த இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய், வைத்தவர்களுடைய மாத்திரை.

மூன்றையும் நாம் "ரத்தத்தை மெலிசாக்குற மாத்திரை" என்கிறோம். உண்மையில் எதுவும் ரத்தத்தை நீர்க்க வைப்பதில்லை, உறைவதைத்தான் தாமதப்படுத்துகிறது. பெயர் போகட்டும். ஆனால் மூன்றும் மூன்று வழியில் வேலை செய்கிறவை, ஆகவே எந்த ஜூஸ் சிக்கல் என்பதும் மூன்றுக்கும் வேறு வேறு. பக்கத்து வீட்டுக்காரருக்கு டாக்டர் சொன்னது உங்களுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

வைட்டமின் கே, வைட்டமின் கே என்கிறார்களே, அதற்கும் அசிட்ரோமுக்கும் என்ன சம்பந்தம்?

ரத்தம் உறையத் தேவையான புரதங்களில் நான்கைக் கல்லீரல் வைட்டமின் கே இல்லாமல் முழுமையாகச் செய்ய முடியாது. ஒருமுறை பயன்பட்ட வைட்டமின் கேயை உடம்பு புதுப்பித்து மறுபடியும் பயன்படுத்திக்கொள்ளும். அசிட்ரோமும் வார்ஃபரினும் அந்தப் புதுப்பிக்கும் வேலையைத் தடுக்கின்றன. ஆக, சாப்பாட்டில் வைட்டமின் கே திடீரென்று கூடினால் மாத்திரை தோற்கும், ஐ.என்.ஆர். இறங்கும். திடீரென்று குறைந்தால் மாத்திரை ஓங்கும், ஐ.என்.ஆர். ஏறும். துலாக்கோல் மாதிரிதான்.

இந்த மருந்து கண்டுபிடிக்கப்பட்டதே மாட்டுத் தீவனத்தால்தான். 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் மாடுகள் சின்னக் காயத்துக்கே ரத்தம் நிற்காமல் செத்துப்போயின. ஈரத்தில் கெட்டுப்போன ஸ்வீட் குளோவர் என்ற தீவனப்புல்தான் காரணம். 1933ல் விஸ்கான்சினில் எட் கார்ல்சன் என்ற விவசாயி, செத்த கிடேரி ஒன்றையும் பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் பனிப்புயலில் வண்டியில் ஏற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே வந்துவிட்டார். அங்கே இருந்த கார்ல் பால் லிங்க் குழு சில ஆண்டுகள் உழைத்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் பிறந்ததுதான் வார்ஃபரின். முதலில் 1948ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது, 1954ல் மனிதர்களுக்கு அனுமதி கிடைத்தது. "எலி மருந்தையா தர்றீங்க?" என்று அதிர்ச்சியோடு கேட்பவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு. எலிக்கு வைத்தாலும் மனிதனுக்குக் கொடுத்தாலும் மருந்து ஒன்றுதான், அளவில்தான் எல்லாம் இருக்கிறது.

சாத்துக்குடி, ஆரஞ்சு, எலுமிச்சை, தர்பூசணி, ஆப்பிள்?

குடிக்கலாம். இவற்றில் வைட்டமின் கே மிகக் குறைவு. 100 கிராம் ஆரஞ்சில் ஒரு மைக்ரோகிராம்கூட இருக்காது, ஆப்பிளில் சுமார் இரண்டு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 90 முதல் 120 மைக்ரோகிராம் வரை வேண்டும் என்று அமெரிக்காவில் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதோடு ஒப்பிட்டால் ஒரு டம்ளர் சாத்துக்குடி ஜூஸ் ஒன்றுமே இல்லை. சர்க்கரை இருப்பவர்களுக்கு வேறு கவலை உண்டு. அது வேறு பேச்சு.

திராட்சை ஜூஸ்? "கிரேப்" கூடாது என்று படித்தேன்.

நீங்கள் படித்தது கிரேப்ஃப்ரூட். அது எலுமிச்சை இனம், கம்பம் திராட்சைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பன்னீர் திராட்சை ஜூஸை நிம்மதியாகக் குடியுங்கள். இந்தப் பெயர்க் குழப்பத்தால் எத்தனையோ பேர் திராட்சையை விட்டுவிட்டார்கள். கிரேப்ஃப்ரூட் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

மாதுளை ரத்தம் ஊறும் என்று மகள் தினமும் போட்டுத் தருகிறாள்.

தினமும் என்றால் தினமுமே இருக்கட்டும். மாதுளைச் சாறு வார்ஃபரினை உடைக்கும் கல்லீரல் நொதியைத் தடுக்கிறது என்று எலிகளிலும் சோதனைக் குழாயிலும் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களில் அதே நொதியைச் சோதித்த ஆய்வில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை மாதுளைச் சாறு குடித்துக்கொண்டு ஐ.என்.ஆர். சீராக இருந்த ஒரு பெண்ணுக்கு, அதை நிறுத்தியதும் ஐ.என்.ஆர். இறங்கிவிட்டது என்று 2009ல் ஒரு மருத்துவக் குறிப்பு வெளியானது. ஒரே ஒருவர் கதை, அதை வைத்துச் சட்டம் போட முடியாது. ஆனால் எனக்கு அதில் கவனிக்கத் தக்கதாகப் பட்டது ஒன்று: சிக்கல் வந்தது குடித்தபோது அல்ல, நிறுத்தியபோது. மகளிடம் இதைச் சொல்லி வையுங்கள். அவள் ஊருக்குப் போய்விட்டு, பத்து நாள் மாதுளை இல்லாமல் போனால் அடுத்த டெஸ்டில் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மாம்பழ சீசனில் என்ன செய்வது?

சேலத்திலிருந்து பெட்டி வந்து இறங்கினால் யாராலும் சும்மா இருக்க முடியாது, தெரியும். கியூபாவிலிருந்து 2002ல் வந்த குறிப்பு ஒன்றில், வார்ஃபரின் போட்டுக்கொண்டு தினமும் ஒன்று முதல் ஆறு மாம்பழம் வரை சாப்பிட்ட 13 பேருக்கு ஐ.என்.ஆர். சராசரியாக 38 சதவீதம் ஏறியிருந்தது. பழத்தை நிறுத்தியதும் இறங்கியது. மாம்பழத்தில் நிறைய இருக்கும் வைட்டமின் ஏ காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் ஊகித்தார்கள்.

ஆறு மாம்பழம் என்பதைக் கவனியுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு துண்டு சாப்பிடுகிறவர் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் மில்க்‌ஷேக், ஜூஸ் என்று போகும்போது ஒரு டம்ளரில் இரண்டு மூன்று பழம் தெரியாமலே இறங்கிவிடும். சீசனில் மூன்று வேளையும் மாம்பழம் என்று இருக்கிற வீடு என்றால், நடுவில் ஒரு தடவை கூடுதலாக ஐ.என்.ஆர். பாருங்கள்.

பூங்கா வாசலில் அருகம்புல் ஜூஸ் விற்கிறார்களே, அது நல்லதுதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

எங்கள் கடைக்கு ஆறேழு வருடமாக வருகிற ஒரு அம்மா இருக்கிறார். இதயத்தில் மைட்ரல் என்ற வால்வை மாற்றியவர். நோட்டை மஞ்சள் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருப்பார். அந்த நோட்டில் மாதாமாதம் 2.8, 2.9, 2.7, 3.0 என்று பரீட்சை மார்க் மாதிரி அழகாக இருக்கும். ஒரு மாதம் 1.6. "மாத்திரை மறந்தீங்களா அம்மா?" என்றேன். "ஒரு நாள்கூட மறக்கலப்பா" என்றார். கீரை கூடுதலாகச் சாப்பிட்டாரா? இல்லை. வேறு மருந்து? இல்லை. ஐந்து நிமிடம் கழித்து, கிளம்பிப் போனவர் திரும்பி வந்து, "நடக்கப் போறேன்ல, அங்க ஒரு டம்ளர் பச்சை ஜூஸ் குடிக்கிறேன், அதெல்லாம் கணக்கா?" என்றார்.

அதுதான் கணக்கு. காலை நடைக்குப் போகிற இடத்தில் எல்லாம் எவர்சில்வர் டிரம் வைத்து அருகம்புல், கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை, கோதுமைப்புல் என்று சாறு விற்கிறார்கள். பக்கத்திலேயே முருங்கைக்கீரை சூப். வைட்டமின் கே செடியில் பச்சையம் இருக்கிற இடத்தில்தான் இருக்கும். எவ்வளவு கரும்பச்சையோ அவ்வளவு கே என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். 100 கிராம் கொத்தமல்லித் தழையில் சுமார் 310 மைக்ரோகிராம், பசலைக் கீரையில் சுமார் 480. ஆரஞ்சு ஜூஸை ஐம்பது டம்ளர் குடித்தாலும் வராத அளவு, ஒரு டம்ளர் பச்சைச் சாற்றில் வந்துவிடும். கீரையாகப் பொரித்தால் ஒரு கரண்டி சாப்பிடுவோம். சாறாகப் பிழிந்தால் ஒரு கட்டு உள்ளே போய்விடும்.

அந்த அம்மாவுக்கு 1.6 என்பது சும்மா ஒரு எண் இல்லை. மைட்ரலில் உலோக வால்வு இருப்பவர்களுக்குப் பொதுவாக 2.5க்கும் 3.5க்கும் நடுவில் வைக்கச் சொல்வார்கள். அதற்குக் கீழே போனால் வால்வில் ரத்தம் கட்டலாம், அது பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். நேராக எதிரே அனுப்பினேன்.

தினமும் ஒரே அளவு, வருடம் முழுக்க என்றால் டாக்டர் அதற்கேற்ப மாத்திரையை அமைத்துவிடுவார். நடைமுறையில் மழை பெய்தால் நடை கிடையாது, ஜூஸும் கிடையாது. அதனால் என் யோசனை, பச்சைச் சாற்றைத் தொடவே வேண்டாம். வெண்பூசணி, வாழைத்தண்டு மாதிரி வெளுப்பாக இருப்பவை இந்தக் கணக்கில் பெரிதாக வராது. சுரைக்காய்ச் சாறு குடிப்பவர்கள் மட்டும் முதலில் ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். கசந்தால் கொட்டிவிடுங்கள். கசப்புச் சுரைக்காய்ச் சாற்றால் ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் உண்டு, உறைவுத் தடுப்பு மாத்திரை போடாதவர்களே.

அப்படியானால் கீரை, பழம் எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிடட்டுமா?

வேண்டவே வேண்டாம். கே அறவே இல்லாத சாப்பாடு சாப்பிடுகிறவர்களுக்குத்தான் ஐ.என்.ஆர். அதிகம் ஆடும். கையிருப்பே இல்லாத வீட்டில் ஒரு விருந்தாளி வந்தாலும் தடுமாற்றம்தானே, அது மாதிரி. வாரத்துக்கு இரண்டு நாள் கீரை பழக்கம் என்றால் அதையே தொடருங்கள்.

கிரேப்ஃப்ரூட் நம் ஊரில் எங்கே கிடைக்கிறது? எதற்கு அவ்வளவு பயம்?

சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கிறது, பெட்டி ஜூஸாகவும் வருகிறது. வெளிநாட்டில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிற பெற்றோர் காலை உணவோடு குடித்துப் பழகிவிடுகிறார்கள்.

பயம் வந்த கதை வேடிக்கையானது. 1989ல் கனடாவின் ஒன்டாரியோவில் டேவிட் பெய்லி என்பவரின் குழு, ஃபெலோடிபின் என்ற ரத்தக்கொதிப்பு மாத்திரையும் சாராயமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்தது. சாராயத்தின் வாடை தெரியக்கூடாது என்று கிரேப்ஃப்ரூட் ஜூஸில் கலந்து கொடுத்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு இருந்தது. குற்றவாளி சாராயம் இல்லை, ஜூஸ். அதில் இருக்கும் ஃப்யூரனோகூமரின் என்ற பொருள்கள் குடல் சுவரில் மருந்தை உடைக்கும் ஒரு நொதியை முடக்கிவிடுகின்றன. முடங்கியது முடங்கியதுதான், குடல் புதிதாகச் செய்யும்வரை ஒன்றிரண்டு நாள் ஆகும். அதனால் "காலையில் ஜூஸ், ராத்திரி மாத்திரை" என்று தள்ளி வைப்பது உதவாது.

இனி மாத்திரை வாரியாகப் பார்ப்போம். அசிட்ரோம், வார்ஃபரினுக்கு இதன் தாக்கம் பெரிதில்லை, ஏனென்றால் வார்ஃபரினில் கலந்திருக்கும் இரண்டு வடிவங்களில் வீரியமானதை உடைப்பது வேறொரு நொதி. அபிக்சபான், ரிவராக்சபான் இரண்டும் ஓரளவு இந்த நொதி வழியாகப் போகின்றன, ஆகவே தினமும் குடிப்பதைத் தவிர்ப்பது நல்லது. உண்மையில் கவலைப்பட வேண்டியவர்கள் ஸ்டென்ட் வைத்தவர்கள்.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு என்ன?

பின்லாந்தில் 2013, 2014ல் வெளியான இரண்டு ஆய்வுகள். கிரேப்ஃப்ரூட் ஜூஸ் மூன்று வேளையும் குடித்தவர்களுக்கு டிகாக்ரெலர் ரத்தத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது, அதாவது ரத்தக்கசிவு அபாயம். குளோபிடோக்ரெலில் நேர் எதிர். அது உடம்புக்குள் போய் மாற்றம் அடைந்தால்தான் வேலை செய்யும் மருந்து. ஜூஸ் அந்த மாற்றத்தையே பெருமளவு தடுத்துவிட்டது. மாத்திரை போட்டும் போடாத மாதிரி. ஒரே ஜூஸ் ஒரு மாத்திரையை ஓங்க வைக்கிறது, இன்னொன்றை ஊமையாக்குகிறது. ஸ்டென்ட் வைத்தவர்கள் பெரும்பாலும் கொழுப்புக்கு அடோர்வாஸ்டேட்டினும் போடுவார்கள், கிரேப்ஃப்ரூட் அதையும் ஏற்றும். ஒரு பழத்துக்காக இத்தனை தலைவலி எதற்கு? சாத்துக்குடி இருக்கிறதே.

எங்கள் தோட்டத்தில் பப்ளிமாஸ் இருக்கிறது. அதுவும் அந்த இனமா?

ஆமாம். சில ஊரில் பம்பளிமாஸ் என்பார்கள். கிரேப்ஃப்ரூட்டே பப்ளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்ததுதான், அம்மா வழிச் சொத்து மாதிரி ஃப்யூரனோகூமரினும் அதற்கு அங்கிருந்துதான் வந்தது. குளோபிடோக்ரெல், டிகாக்ரெலர் போடுகிறவர்கள் பப்ளிமாஸைப் பேரப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். அசிட்ரோம்காரர்கள் எப்போதாவது இரண்டு சுளை சாப்பிட்டால் குடி முழுகாது.

சிறுநீர்த் தொற்றுக்குக் கிரான்பெர்ரி ஜூஸ் குடிக்கச் சொல்கிறார்கள். வார்ஃபரினோடு ஆகாது என்கிறார்களே?

இந்தப் பயத்தைக் கிளப்பியது பிரிட்டனில் 2003ல் வெளியான ஒரு மரணச் செய்தி. எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், வார்ஃபரின் போட்டுக்கொண்டிருந்தவர், நெஞ்சுச் சளியால் பசியில்லாமல் இரண்டு வாரம் கிட்டத்தட்ட கிரான்பெர்ரி ஜூஸை மட்டும் குடித்துக்கொண்டு இருந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது ஐ.என்.ஆர். 50க்கு மேல். வயிற்றிலும் இதயத்தைச் சுற்றியும் ரத்தம் கசிந்து இறந்தார். உடனே அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது.

பிறகு நிதானமாகச் சோதித்துப் பார்த்தார்கள். ஐ.என்.ஆர். சீராக இருந்தவர்களுக்கு இரண்டு வாரம் தினமும் 240 மில்லி கிரான்பெர்ரி ஜூஸ் கொடுத்தபோது சொல்லும்படியான மாற்றம் இல்லை. இன்று பலர் ஜூஸை அவ்வளவாகக் குற்றம் சொல்வதில்லை. அளவாகக் குடிப்பதில் தவறில்லை. லிட்டர் கணக்கிலும் கேப்ஸ்யூலாகவும் வேண்டாம்.

நான் அந்த பிரிட்டிஷ் மனிதரின் கதையில் ஜூஸைவிட இன்னொன்றைப் பார்க்கிறேன். அவர் இரண்டு வாரம் சாப்பிடவில்லை. ஆன்டிபயாட்டிக்கும் எடுத்திருக்கிறார். இது நம் வீடுகளில் மாதாமாதம் நடப்பது.

புரியவில்லை. காய்ச்சல் வந்தால் ஜூஸ்தானே கொடுப்போம்?

கொடுங்கள். ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். அப்பாவுக்குக் காய்ச்சல், சோறு இறங்கவில்லை, நான்கு நாள் சாத்துக்குடி ஜூஸும் பிரெட்டும். சாத்துக்குடி ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் அதில் கே இல்லை, சாம்பாரும் பொரியலும் கீரையும் நின்றுவிட்டன. வைட்டமின் கே உடம்பில் அதிகம் சேமித்து வைக்கிற பொருள் இல்லை. காய்ச்சலே உறைவுப் புரதங்களை வேகமாகத் தீர்க்கும். மேலே ஒரு ஆன்டிபயாட்டிக். கோ-டிரைமாக்சசோல், மெட்ரோனிடசோல், படர்தாமரைக்குக் கொடுக்கும் ஃப்ளுகோனசோல் எல்லாம் வார்ஃபரினைப் பலமாக ஏற்றிவிடக்கூடியவை. பாரசிட்டமால்கூட நாலைந்து நாள் முழு அளவில் தொடர்ந்தால் ஏற்றும். மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருக்கும்.

மூன்றாம் நாள் பல் துலக்கும்போது வாயெல்லாம் ரத்தம். வீட்டில் என்ன சொல்வார்கள்? "ஜூஸ் ஒத்துக்கல."

அசிட்ரோம் போடுகிறவர் இரண்டு நாளுக்கு மேல் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் மருத்துவருக்கு போன் செய்து ஐ.என்.ஆர். எப்போது பார்க்கலாம் என்று கேளுங்கள். எந்தக் கடையில் என்ன மருந்து வாங்கினாலும், "அசிட்ரோம் போடுறேன்" என்று முதலில் சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள்.

டெங்குக்குப் பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் கஷாயம்?

பப்பாளிப் பழம் அளவாகச் சாப்பிடலாம். இலைச் சாறு வேறு, அது கரும்பச்சை, மேலே சொன்ன அருகம்புல் கதைதான். நிலவேம்பு தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைப்பதாகச் சோதனைக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். இதைவிட முக்கியமான விஷயம்: டெங்குவில் தட்டணுக்களே குறைகின்றன. உறைவுத் தடுப்பு மாத்திரை போடுகிறவருக்கு டெங்கு சந்தேகம் என்றால் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

நோனி, நெல்லி, கற்றாழை என்று பாட்டிலில் வருகிறதே?

தெரிந்தவர் வீட்டுக்கு வந்து நோனி பாட்டிலைத் தலையில் கட்டிவிட்டுப் போவார், அதைச் சொல்கிறீர்கள். நோனி குடித்த ஒருவருக்கு வார்ஃபரின் வேலை செய்யாமல் போனதாக 2004ல் ஒரு குறிப்பு வந்தது. அந்தப் பாட்டில் வெறும் பழச்சாறு இல்லை, வைட்டமின்கள் சேர்த்தது. எனக்குப் பாட்டில் சாறுகளில் இருக்கும் சங்கடமே அதுதான், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று லேபிள் முழுதாகச் சொல்வதில்லை. வீட்டில் அரைத்த ஒரு நெல்லிக்காய்க்கு நான் தடை சொல்ல மாட்டேன். பாட்டிலுக்குச் சொல்வேன்.

மாத்திரையை ஜூஸோடு விழுங்கலாமா? அம்மாவுக்கு விழுங்க வரவில்லை.

தண்ணீர்தான் சரி. ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸ்கள் வேறு சில மருந்துகள் குடலில் ஏறுவதையே குறைத்துவிடும். ரத்தக்கொதிப்புக்குப் போடும் அடெனோலால், ஒவ்வாமைக்குப் போடும் ஃபெக்சோஃபெனடின் இரண்டும் அப்படி. இருதய நோயாளி ஒரு கை மாத்திரையைச் சேர்த்து விழுங்குபவர், எதற்கு எது ஆகாது என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

விழுங்கவே முடியாதவர்களுக்கு அபிக்சபானைப் பொடித்துத் தண்ணீரிலோ ஆப்பிள் ஜூஸிலோ கலந்து கொடுக்கலாம் என்று தயாரித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். டாபிகாட்ரான் கேப்ஸ்யூலை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரித்துக் கொட்டாதீர்கள். உறை இல்லாமல் போனால் உடம்பில் ஏறும் மருந்து சுமார் 75 சதவீதம் கூடிவிடும். ஒருவர் நல்ல எண்ணத்தோடு அப்பாவுக்கு அதைப் பிரித்து மோரில் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தற்செயலாகப் பேச்சுவாக்கில் தெரிந்தது. ரிவராக்சபான் 15, 20 மில்லிகிராம் சாப்பாட்டோடுதான், வெறும் ஜூஸ் சாப்பாடு ஆகாது.

புதிய மாத்திரைக்கு மாறிவிட்டால் கீரை, ஜூஸ் கவலையே இல்லையாமே. மாறலாமா?

கீரைக் கவலை இல்லை என்பது உண்மை, அவை வைட்டமின் கே வழியாக வேலை செய்வதில்லை. ஆனால் உலோக வால்வு வைத்தவர்கள் மாறக் கூடாது. டாபிகாட்ரானை அவர்களிடம் சோதித்த ஆய்வு, ரத்தக்கட்டும் கசிவும் இரண்டுமே கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டது. 2013ல் முடிவு வெளியானது. மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கித் துடிப்பும் தாறுமாறானவர்களிடம் ரிவராக்சபானை ஒப்பிட்டுப் பார்த்து 2022ல் வெளியிட்டார்கள், பழைய மாத்திரையே ஜெயித்தது. நம் ஊரில் வால்வு மாற்றியவர்களில் நிறைய பேர் சின்ன வயதில் அந்தக் காய்ச்சல் வந்தவர்கள்தான்.

ஏபிசி ஜூஸ் குடித்தேன், சிறுநீர் சிவப்பாகப் போகிறது!

ஆப்பிள், பீட்ரூட், கேரட். பீட்ரூட் வேலை அது. சிலருக்கு பீட்ரூட் சாப்பிட்டால் சிறுநீரும் மலமும் சிவக்கும், ஒரு நாளில் தெளிந்துவிடும். சிவப்பு டிராகன் பழமும் இந்த விளையாட்டு காட்டும். ஆனால் அசிட்ரோம் போடுகிறவருக்கு நிஜமான ரத்தமும் அதே நிறத்தில்தான் வரும், வித்தியாசம் கண்டுபிடிக்க நீங்கள் சோதனைக்கூடம் வைத்திருக்கவில்லை. அதனால் நான் சொல்வது: இந்த மாத்திரை போடும்வரை பீட்ரூட்டைப் பொரியலாக, தெரிந்து சாப்பிடுங்கள். ஜூஸாக வேண்டாம். ஒரு நாளுக்கு மேல் சிவப்பு இருந்தால் காட்டுங்கள்.

எதைக் கண்டால் ஓட வேண்டும்?

மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால். பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் மூக்கில் ரத்தம் நிற்காவிட்டால். இதுவரை வராத மாதிரி தலைவலி வந்தால், வாய் கோணினால், பேச்சு குழறினால், கை கால் துவண்டால். தலையில் அடிபட்டால், வெளியே ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும். இரும்புச்சத்து மாத்திரை போடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும், அது வேறு. ஆனாலும் சந்தேகம் என்றால் போய்க் காட்டுங்கள். நோட்டையும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கடைசியாக, இளநீர்?

உறைவுத் தடுப்பு மாத்திரைக்கு இளநீரால் ஒன்றும் ஆகாது. ஆனால் வால்வு நோயாளிகள் பலர் ஸ்பைரனோலாக்டோன் போடுவார்கள், அது உடம்பில் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகமும் கொஞ்சம் பழுதானவர் தினம் இரண்டு இளநீர் குடித்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். அட்டையைத் திருப்பிப் பார்த்து அந்தப் பெயர் இருந்தால் கேட்டுவிட்டுக் குடியுங்கள். இல்லை என்றால் வெட்டச் சொல்லுங்கள்.